டயரில் இருக்கும் பால்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் புஷ்பவள்ளி வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் ஊர் லாபுவில் மழை விட்டதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம் மட்டும்தான்.

இந்த அமெரிக்க மாநிலத்தின் விமான, விண்வெளிப் பெருமையைக் காட்டும் அருங்காட்சியகத்தில் விளக்க அட்டைகள் எழுதுவது நான்தான். விண்வெளி ஓடத்தின் டயர் ஒன்றுக்கு, "முழுக்க நம் மண்ணின் படைப்பு" என்று எழுதச் சொன்னார் தலைவர். இங்கே ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. "பால் மலேசியத் தோட்டங்களில் எங்களைப் போன்றவர்கள் வெட்டியது" என்றேன். ஆத்திரத்தில் நம் தோட்டத்து வார்த்தையை அப்படியே 'மில்க்' என்று ஆங்கிலமாக்கிவிட்டேன்.

"பாலா? அப்போ இது மாட்டு டயரா?" என்றார். கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த அட்டையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஜூன் மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியவரும் அவர்தான். நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

பால் பிடிக்கும் பழைய மங்கு ஒன்று வீட்டில் இருந்தால் தங்கை ரோகினியிடம் கொடுத்துத் தபாலில் அனுப்புங்கள். கறையைக் கழுவ வேண்டாம், டயருக்குப் பக்கத்தில் வைக்கக் கேட்கப்போகிறேன். வாட்ஸ்அப்பில் உங்கள் குரலையும் அனுப்பச் சொல்லுங்கள். திட்டினாலும் சரி, தமிழாக இருந்தால் போதும்.

சிப்பாங்கில் விமான நிலையம் திறந்த வருடம், தலைக்கு மேல் போன விமானத்தைக் காட்டி, "நம்ம ரப்பர் பாலு மேலதான்டி எறங்குது, பாரு லா" என்றீர்கள். பல்கலைக்கழகத் திமிரில் நானும் இவர்களைப் போலத்தான் சிரித்தேன்.

பேருந்து வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் அம்மா.

புஷ்பா