மயக்கத்தில் இருந்தவர் எப்படி எடுப்பார்?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறதா? சுரங்க வேலை என்று கனமானதைத் தூக்கி வைக்காதீர்கள். போனை அணைத்துவிட்டு விலாசத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் தபால் நிலையம் எங்கே என்று விசாரித்துக்கொண்டு கிளம்புகிறேன்.

முதலில் விஷயம். பணத்தை எடுத்தது நீங்கள் இல்லை என்று சங்கத்தார் அத்தனை பேர் முன்னாலும் நிரூபணமாகிவிட்டது. நிரூபித்தது உங்கள் மனைவி. நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், அதற்குள் சொல்லிவிட்டேன்.

ஆம்புலன்ஸ் வாங்க ஓட்டுநர் சங்கம் கிரிப்டோவாகத் திரட்டிய நிதி காணாமல் போனதும், கஞ்சி போட்ட சட்டை கசங்காமல் திரியும் செயலாளர், அந்தக் கஞ்சிச்சட்டை, ஒரு தாளை அச்செடுத்து வந்து ஆட்டினாரே, நினைவிருக்கும். பணம் வெளியேறியது இரவு பத்தேகாலுக்கு என்று அதில் இருந்தது. அப்போது சங்க அலுவலகத்தில் தனியாக இருந்தது பொருளாளரான நீங்கள்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். விடிவதற்குள் குடல்வால் ஆபரேஷன். சங்கத்தார் கட்டிலருகே வந்து, "வயித்துவலியும் நாடகமா?" என்று கேட்டார்கள். நடக்கத் தெம்பு வந்ததும் ஊரை விட்டே போய்விட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு அவள் அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வேலை விட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை விரித்துவிடுவாள். வாலட் என்கிற கிரிப்டோ பணப்பையின் முகவரியைத் தட்டினால், அதற்குள் வந்தது, போனது எல்லாவற்றையும் காட்டும் இணையதளம் ஒன்று இருக்கிறது. கஞ்சிச்சட்டை அச்செடுத்ததும் அதிலிருந்துதான். அதில் யார் பெயரும் இருக்காதாம். ஆனால் ஒரு வரியைக்கூட யாராலும் அழிக்க முடியாதாம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாமாம். திருடனுக்கும் போலீசுக்கும் ஒரே ஜன்னலா என்று கேட்டேன். நீங்கள் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு கத்தல். ஈரத்துணியோடு ஓடினேன். "அம்மா, இது நம்ம ஊரு நேரமே இல்லம்மா!" என்று மேஜையைத் தட்டினாள். அந்தத் தளம் காட்டுவது உலகப் பொது நேரமாம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். சரக்கு விமான அலுவலகத்தில் தினமும் அந்த நேரத்தோடுதான் அவள் மல்லுக்கட்டுகிறாள். இருந்தும் இத்தனை நாள் கண்ணில் படவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். நம் ஊர் நேரத்துக்கு மாற்றினால் அது மறுநாள் விடியற்காலை மூன்றே முக்கால். நீங்கள் ஆபரேஷன் மேஜையில் கிடந்த நேரம்!

அத்தோடு அவள் விடவில்லை. பணம் போன முகவரியையும் தட்டினாள். அங்கே சில நாள் தூங்கிவிட்டு அது இன்னொரு முகவரிக்கு நகர்ந்திருந்தது. வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்கள் இருந்த கவர் சங்க அலமாரியில். அலமாரிச் சாவி செயலாளர் இடுப்பில். இதை யோசித்தவள், மறுநாளே கஞ்சிச்சட்டையின் டிராவல்ஸ் கடைக்குப் போய், பஸ் டிக்கெட் கேட்பது போல் நின்று, டிக்கெட் காசைக் கிரிப்டோவாக வாங்கிக்கொள்ளக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கியூஆர் கோடைப் போனில் பிடித்துக்கொண்டு வந்தாள். பணம் கடைசியாகப் போய்ச் சேர்ந்த அதே முகவரி. ஓர் எழுத்து பிசகில்லை.

பொதுக்கூட்டத்தில் அவள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. சங்கத் தலைவரையே தட்டச் சொன்னாள். புரொஜெக்டர் வழியாக எல்லாம் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. நேரத்தையும் அவரையே மாற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிச் சான்றை அவர் கையில் கொடுத்தாள். "மயக்கத்துல கிடந்த மனுஷன் எப்படிங்க எடுப்பாரு?" என்று கேட்டாள். குரல் நடுங்கவில்லை, மாப்பிள்ளை.

பிறகு அடுத்த முகவரி, அதற்கடுத்தது, கடைசியில் கியூஆர் கோடு. கஞ்சிச்சட்டை எழுந்து, யாரோ டிக்கெட் வாங்கியிருப்பார்கள் என்றார். "அம்புட்டுக் காசுக்கு எந்த ஊருக்குங்க டிக்கெட்டு, நிலாவுக்கா?" என்று பின்வரிசையில் ஒரு லாரி ஓட்டுநர் கேட்டார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் மனிதர் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் வருவதற்குள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நிதி திரும்பிவிட்டது.

நேற்று ஆம்புலன்ஸ் வந்தது. புத்தம் புதிது, வெள்ளை வெளேரென்று. ஷோரூமிலிருந்து நேராக நம் தெருவுக்கு ஓட்டி வந்து, நம் வாசலில் நிறுத்தி, சைரனை ஒருமுறை அலறவிட்டார்கள். பின்னால் ஆட்டோவும் லாரியுமாகத் தெருமுனை வரை வரிசை. உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தலைவர் கைகூப்பினார். பொருளாளர் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கப்போவதில்லையாம். அக்கம்பக்கத்தார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் வாசலை விட்டு நகரவே இல்லை.

அவள் மட்டும் கூட்டத்தில் நிற்காமல் உள்ளே போய்விட்டாள். சொல்லாமல் போனதற்காக உங்கள் மேல் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லையாம். நான் கேட்கவே இல்லை. அவளாகவே மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல், தலைநிமிர்ந்து நூறாண்டு வாழ வேண்டும். நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. எனக்குப் பதில் வேண்டாம். போனை எடுத்து அவளைக் கூப்பிடுங்கள்.

ஆசிகளுடன்,
அத்தை