மடிப்புக்கு இந்தப் பக்கம்

பெரியவனுக்கு,

உன் தம்பி மகள் டாக்டராகிவிட்டாள். அவள் அண்ணன் கப்பலில் இன்ஜினியர். கடைக்குட்டி ஓட்டத்தில் முதல் பரிசு. என் கண்ணே பட்டுவிடும்போல் இருக்கிறது.

நம் பழைய குடும்பப் படத்தை ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தோம். சட்டத்தைக் கழற்றிய பெண், "பாட்டி, ஓரத்துல ஒருத்தர மடிச்சு மறைச்சிருக்கே, யாரு?" என்றாள்.

"என் மூத்தவன்மா. அவன் வீட்டைவிட்டுப் போன அன்னிக்கு அவங்கப்பா மடிச்சது."

அவள் ஈர ஆவி காட்டி நீவிவிட, நீ தூக்கம் கலைந்தவன்போல் மெல்ல எழுந்து வந்தாய். உன் கை மட்டும் மடிப்புக்கு இந்தப் பக்கம், இத்தனை வருஷமும் அப்பா தோளிலேயே இருந்திருக்கிறது.

இப்போது அவர் தினமும் காப்பகம் போகிறார். கேட்டால், "சும்மா காலாற நடந்தேன்" என்கிறார்.

உன் புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. அட்டை வைத்து அனுப்பு, மடியக்கூடாது.

உன் அம்மா