கூண்டில் யார் நிற்பது

நவம்பர் 6, வியாழன்

ஏ.சி. போடாமல் தூங்கினோம். பஹ்ரைனில் எங்கள் ஈசா டவுனுக்கு ஒருவழியாக இரக்கம் வந்துவிட்டது.

வாங்க வேண்டியது: கறுப்புத் துணி, டேப், இவருக்கு இருமல் மருந்து.

தமிழ்ச் சங்க விழாவில் என் நாடகம். இன்னும் எட்டே நாள். ஐம்பதுகளின் சென்னை, நகைத் திருட்டு, வேலைக்காரன் மேல் வழக்கு, தீர்ப்பு ஜூரி கையில். பன்னிரண்டு பேர் என்று எழுதியிருந்தேன். டியூட்டி, காய்ச்சல், வீட்டு அனுமதி எல்லாம் போக ஏழு பேர் தேறினார்கள். ஏழு பேரும் ஒரே முடிவு சொல்ல வேண்டும் என்று நானே சட்டம் போட்டுவிட்டேன். எந்த வக்கீலும் பார்க்க வரமாட்டார் என்ற தைரியம்.

கூண்டில் நிற்க ஆள் இல்லை. வசனமும் இல்லாத வேஷம். ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த செல்வராசு கண்ணில் பட்டார். தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, கட்டட சைட்டில் சாரம் கட்டுகிறவர். பாங்க் ரமேஷ், முகம் அப்படியே பொருந்துகிறது என்றார். எல்லோரும் ஆமாம். முதல் ஆமாம் என்னுடையது. ஒரு நிமிடத்தில் முடிந்தது.

நவம்பர் 7, வெள்ளி

ஒத்திகை. சமோசா முப்பது. ரமேஷ் மட்டும் ஆறு.

செல்வராசு இரண்டு மணி நேரம் பேசாமல் நின்றார். முடிந்ததும் மெதுவாக என்னிடம் வந்தார்.

"மேடம், நகைய நான் எடுத்தேனா, எடுக்கலியா?"

எழுதியவள் நான், எனக்கே தெரியாது. சந்தேகம் இருக்கிறது, அதனால் விடுதலை. என் கதை அவ்வளவுதான்.

"தெரிஞ்சாத்தான மூஞ்சிய எப்படி வச்சுக்கிறதுன்னு தெரியும். ஊர்ல புள்ளைங்க ரெண்டும் போன்ல பாக்கப் போவுது."

ஜூரிகளைக் கேட்டேன். எடுத்தவர்தான் என்றார்கள் ஆறு பேர். ரமேஷ் மட்டும் சந்தேகம் என்றார், அதுவும் அவர் வசனம் அப்படி என்பதால். எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நிற்கிற விதமே சரியில்லையாம். வாரம் முழுக்க இரும்புக் குழாய் தூக்குகிற தோள் வேறு எப்படி நிற்கும்?

வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் உறைத்தது. நான் மட்டும் எதை வைத்து அவரை அங்கே நிற்கவைத்தேன்? வெட்கமாக இருந்தது. விசில் எண்ண மறந்து பருப்பு குழைந்தது. நன்றாக இருக்கிறது என்றார் இவர்.

நவம்பர் 8, சனி

சந்தேகப்படும் ஏழாவது ஜூரர் ரமேஷ். அவருக்குத்தான் பெரிய வசனம். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். கூண்டிலிருந்து செல்வராசு எடுத்துக்கொடுத்தார். அடுத்த வரியும். அதற்கடுத்ததும். காகிதத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, ஒரு நாள் காதால் கேட்டதே மனப்பாடம்.

அங்கேயே இருவரையும் இடம் மாற்றினேன். ரமேஷ் முகம் சுருங்கிவிட்டது.

"என்னப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு?"

இல்லை, அதனால்தான் என்றேன். இனி ஒரு வரிகூட மனப்பாடம் செய்ய வேண்டாம் என்றதும் சமாதானம். செல்வராசு காலரைச் சரிசெய்துகொண்டார்.

நவம்பர் 14, வெள்ளி

நாடகம் முடிந்தது. கால் வலி. சந்தோஷம்.

செல்வராசுவுக்கு என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை. தோளில் கொஞ்சம் பிடித்தது. நான் இலக்கணமாக எழுதிவைத்த வசனத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தன் பேச்சில் சொன்னார்.

"அவன் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதுங்க. எடுத்தான்னு உங்களுக்கும் தெரியாது. அப்புறம் எப்படி உள்ள தள்றது?"

கேம்ப் பையன்கள் விசில். முன்வரிசையில் அவர் நண்பர் பிடித்திருந்த போனில் சின்னக் கைதட்டல். நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

டீ நேரத்தில் ஒரு அம்மா குறை சொன்னார். எல்லாம் நன்றாக இருந்ததாம், கூண்டில் நின்றவர்தான் பொருத்தமில்லையாம், பார்த்தால் திருடுகிறவர் மாதிரியே இல்லையாம். ரமேஷ் இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எல்லோரும் போனபின் நானும் செல்வராசுவும் நாற்காலி அடுக்கினோம். அடுத்த வருடம் ஜட்ஜ் வேஷம் வேண்டும் என்று சிரித்தார். எழுதுகிறேன் என்றேன். அதோடு விட்டிருக்கலாம், மனம் கேட்கவில்லை. முதலில் உங்களைக் கூண்டில் நிற்கவைத்தது முகத்தைப் பார்த்துத்தான், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும் மேடம். அன்னிக்கி சேர் போட்டுக்கிட்டு அங்கதான இருந்தேன்."