மூச்சுக்கு ஒரு நாய்

2025 ஜனவரி 14

விடிய ஊரெல்லாம் பொங்கல் வெடி. நான் கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். ஐம்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் படகு இயந்திரத்தைத் தனி ஆளாகத் தோளில் சுமந்துவந்து பூட்டியவன். இன்றைக்குக் காணாமல்போன ஒற்றைச் செருப்போடு முகத்துக்கு முகம். செருப்புக் கிடைத்தது, அதுவாவது லாபம்.

மனைவி புனிதம் தண்ணீர் கொண்டு ஓடிவந்தாள். வழமைபோல் பாதி வழியிலேயே ஊற்றுப்பட்டுவிட்டது. இத்தனை வருடமாகியும் ஒரு கோப்பைத் தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுவரத் தெரியாத மனிசி.

கிளினிக் டொக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எப்போதிருந்து இப்படி மூச்சு முட்டுகிறது என்று முதல் நாள் கேட்டார். முல்லைத்தீவுக் கரையில் வந்து கேட்கிற கேள்வியா அது? இரண்டாயிரத்து ஒன்பது என்றேன்.

இப்போதைய பிரச்சினை வேறு. ஓகஸ்ட் கடைசியில் மகள் டக்சாயினிக்குக் கலியாணம். எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி தகப்பன்தான் பெண்ணைக் கைப்பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக வேண்டும். நானோ அந்த வருடத்திலிருந்து பூசை நேரம் முழுக்க வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறவன். உள்ளே கூட்டமும் புழுக்கமும் மணிச்சத்தமும். எனக்குத் துணைக்கென்று புனிதமும் அங்கேயே நிற்பாள். ஊர் எங்களுக்கு மரத்தடிச் சோடி என்று பெயர் வைத்திருக்கிறது.

ஜனவரி 29

கிளினிக். இந்த வருத்தத்துக்கு வெளிநாட்டில் நாய் பழக்குகிறார்களாம். ஆளுக்கு மூச்சு வேகமாகத் தொடங்கும்போதே அது கண்டுபிடித்து, மடியில் ஏறிப் படுத்து, கையை நக்கி நிதானத்துக்குக் கொண்டுவருமாம். சின்ன இனம் என்றால் பஸ்ஸிலும் மடியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே பழக்கித் தர ஆளில்லை, ஆனால் எங்களுக்குச் சொல்லித்தருவேன் என்றார் டொக்டர். மருந்துக் குளிசையையும் நிற்பாட்டக் கூடாதாம்.

“இனத்தை விடக் குணத்தைப் பாருங்கோ. தானா உங்களிட்ட வாற குட்டியை எடுங்கோ” என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். நாய் வாசற்படி தாண்டக் கூடாது என்று புனிதம் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நல்லது. மடியில் ஏறவேண்டிய வைத்தியர் முற்றத்தில் நிற்பார், நோயாளி அறைக்குள் கிடந்து சாகலாம்.

பெப்ரவரி 3

மகன் கொலின்ஸ் பாரிஸில் இருந்து நாய்ப் படங்களாக அனுப்பித் தள்ளுகிறான். கலியாணத்துக்கு லீவு கிடைக்காதவனுக்கு நாய் பார்க்க மட்டும் நேரம் கிடைக்கிறது.

பக் என்று ஒன்று. மூக்குச் சப்பை, நடந்தாலே மூச்சு வாங்குமாம். மூச்சு முட்டுகிறவனுக்கு மூச்சு முட்டுகிற நாய். இரண்டு பேரையும் யார் பார்ப்பது?

கவலியர் என்று ஒன்று. தங்கமான குணம், ஆனால் இதய வருத்தம் வருமாம். கிளினிக்குக்கு நான் அதைக் கூட்டிப்போக வேண்டி வரும்.

பூடில் கெட்டிக்காரன். மாதாமாதம் முடி வெட்டி, சீவி, பவுடர் போட வேண்டும். எனக்கே கொலின்ஸ் திட்டினால்தான் முடி வெட்டு.

சிவாவா உள்ளங்கை அளவு. சும்மா இருந்தாலும் நடுங்குமாம். இந்த வீட்டில் அந்த வேலைக்கு ஆள் இருக்கு.

கடைசியில் பொமரேனியன் என்று முடிவாகியிருக்கிறது. வவுனியாவில் கிடைக்கும் என்பது ஒன்றுதான் காரணம். பனி நாட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முல்லைத்தீவு வெயிலுக்கு வரப்போகிற அந்தப் பாவத்திடம் யாரும் கேட்கவில்லை.

பெப்ரவரி 16

றவூப்பின் லொறியில் வவுனியா போனோம். றவூப் எங்கள் கரையில் மீன் எடுக்கிற முதலாளி. புத்தளத்தில் அகதியாக வளர்ந்து திரும்பிவந்தவன், என்னைவிட இரண்டு வயது இளையவன். நாயைத் தொடமாட்டான், ஆனால் எனக்காக ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு வந்தான்.

நான்கு வெள்ளைக் குட்டிகள். ஒரு மூலையில் மண்ணிறத்தில் ஒன்று, கட்டைக் காலும் நீட்டு உடம்புமாக. தாய் பொமரேனியன், தகப்பன் மதில் பாய்ந்து வந்த யாரோ. வித்தவர் அதைக் காட்டவே வெட்கப்பட்டார்.

நாய் பார்க்க எனக்குத் தெரியாதா? எங்கள் ஆட்கள் பார்க்கிற முறைப்படியே பார்த்தேன். பிடரியில் பிடித்துத் தூக்கினேன். கத்தியதைக் கீழே விட்டேன். நகம் எண்ணினேன். வாயைத் திறந்து அண்ணம் கறுப்பா என்று பார்த்தேன். ஒரு வெள்ளையன் கத்தவில்லை, உறுமிக்கொண்டு பெருவிரலைக் கடித்தான். ஆள் இவன்தான் என்று கட்டிக்கொண்டு வந்தேன். இவ்வளவு நேரமும் அந்த மண்ணிறம் என் பாதத்தின்மேல் படுத்திருந்தது. காலால் விலக்கிவிட்டுத்தான் எழும்பினேன்.

வழியில் றவூப் கேட்டான். “அண்ணை, டொக்டர் சொன்னது காவலுக்கோ, ஆறுதலுக்கோ?”

ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

மார்ச் 2

வெள்ளையனுக்கு றெக்ஸ் என்று பெயர். தபால்காரர், காகம், தேங்காய் விழுகிற சத்தம், எல்லாவற்றுக்கும் குரைக்கிறான். குரைக்காதது தன் நிழலுக்கு மட்டும்.

மார்ச் 21

பக்கத்துக் காணியில் கிணறு தோண்டப் பாறைக்கு வெடி வைத்தார்கள். முற்றத்திலேயே கால் மடிந்து இருந்துவிட்டேன். கை இறுகி, மூச்சு வராமல். றெக்ஸ் ஓடிவந்தான். வந்து, என்னைக் கள்ளன் என்று நினைத்து முழங்கையில் கடித்தான். இப்போது விசர்நாய் ஊசியும் போடுகிறேன். டொக்டரிடம் என்னவென்று சொல்வது?

ஏப்ரல் 6

டக்சாயினி மெதுவாக வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். கேட்க வந்ததை முகத்திலேயே பார்த்துவிட்டேன்.

“அப்பா, கோவியாதேங்கோ. அண்டைக்குச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லட்டோ?”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே இருந்தேன். பிள்ளையில் என்ன பிழை? வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ பூருற மனுசனை நம்பி அவள் எப்பிடி நடுக்கோயிலுக்கு வாறது? ஆனா சித்தப்பன்? அவன் இவளைத் தோளில தூக்கிக்கொண்டு ஓடினவனோ? அந்த மணலில, அந்தச் சத்தத்துக்குள்ள தூக்கினது நான்தானே.

இந்தப் பக்கத்தைக் கிழிக்கவேண்டும். பிறகு பார்க்கலாம்.

ஏப்ரல் 10

றவூப்பிடம் சொன்னேன், திரும்ப வவுனியா போவோம் என்று. ஏன் என்று கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

மண்ணிறம் இன்னும் விலைபோகவில்லை, வளர்ந்திருந்தது. நான் கதிரையில் இருந்ததும் வந்து அதே பாதத்தில் படுத்தது. வித்தவர் காசு வேண்டாம் என்றார். றெக்ஸ் றவூப்பின் மீன்வாடிக் காவலுக்குப் போய்விட்டான். இரவில் ஒரு ஈ அந்தப் பக்கம் போக முடியாதாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது, அவனுடையதை நான்தான் மாற்றிக் கொடுத்திருந்தேன்.

புதியவள் பெயர் நெத்தலி. கொலின்ஸ் எடுத்த எடுப்பில் என்ன சாதி என்று கேட்டான். மாப்பிள்ளை வீட்டாருக்கு அடுத்தபடியாக அந்தக் கேள்வியைக் கேட்டவன் இவன்தான்.

மே 4

பயிற்சி. நான் பொய்யாக மூச்சு வாங்க வேண்டும், நெத்தலி மடியில் ஏறினால் ஒரு துண்டு கருவாடு. ஏறுகிறாள். ஆனால் ஒவ்வொரு முறையும் புனிதம் மெய்யென்று நினைத்துத் தண்ணீரோடு ஓடிவருகிறாள். இது வெறும் பயிற்சி என்று பத்துத் தரம் சொல்லியாயிற்று. திரும்பவும் வருகிறாள், திரும்பவும் பாதி நிலத்தில்.

மே 25

பெரிய அவமானம். கரைக்குக் கூட்டிப்போனேன். வலை இழுத்துவந்தவர்கள், மீன் வெட்டுகிற பெண்கள், கருவாடு காயப்போடுகிற கிழவர், எல்லார் மடியிலும் ஏறிப் படுத்து ஆறுதல் சொன்னாள். இந்த ஊரில் கருவாடு மணக்காத மனிதன் யார்? றவூப் லொறிக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திவிட்டு உள்ளே இருந்து சிரித்தான். “நல்ல நாய் அண்ணை. ஊருக்கே வைத்தியம்.”

டொக்டரும் சிரித்தார். பரிசை மாற்றச் சொன்னார். இனி மாரி பிஸ்கற்.

ஜூன் 19

குசினிக்குள் நெத்தலி. புனிதத்தின் இரண்டு பாதங்களுக்கும் மேலே நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறாள். புனிதம் தண்ணீரில் அரிசி கிளைகிறாள். வாசற்படிச் சட்டம் என்னவாயிற்று என்று கேட்டேன்.

“வெளியில எறும்பு கடிக்குது அதுக்கு” என்றாள், நிமிராமல்.

பிஸ்கற் போடுவது நான். காலில் படுப்பது அங்கே. குசினியில் ஏதாவது விழும் என்ற ஆசையாக இருக்கும்.

ஜூலை 13

மோட்டார் சைக்கிள் ஒன்று சைலன்சர் வெடித்துப் போனது. மெய்யாகவே வந்துவிட்டது. நெத்தலி ஓடிவந்து ஏறினாள், நாக்குச் சூடாகக் கையில் பட்டது. அந்த நாக்கையே நினைத்துக்கொண்டிருந்தேன். போய்விட்டது. பிஸ்கற் கொடுக்க மறந்துபோனேன். அவள் கேட்கவுமில்லை.

டக்சாயினியிடம் சொன்னேன், சித்தப்பன் தேவையில்லை என்று. அவள் அழுதாள். இதற்கும் அழுகை, அதற்கும் அழுகை.

ஓகஸ்ட் 17

நெத்தலியையும் கோயிலுக்குள் கூட்டிவரப் பாதரிடம் அனுமதி கேட்டேன். மாட்டுக்கொட்டிலில் பிறந்தவர் நாய்க்கு ஒன்றும் சொல்லமாட்டார் என்றார். வெடி கொளுத்த வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்லியாயிற்று. ஓம் ஓம் என்றார்கள். இரண்டு தரம் ஓம் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஓகஸ்ட் 31

நேற்றுக் கலியாணம் முடிந்தது. களைப்பு ஆறுமுன் எழுதிவிடுகிறேன்.

நான் கோட் சூட். நெத்தலிக்குக் கழுத்தில் டக்சாயினி கட்டிய வெள்ளை ரிபன். புனிதம் கூறைபோன்ற ஒரு சேலை, தலை நிறையப் பூ, முகத்துக்குப் பவுடர். அன்றைக்கு அவளில் கருவாட்டு மணமோ குசினி மணமோ இல்லை, மல்லிகை மட்டும்தான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால் பிறகு விளங்கும்.

காரை விட்டு இறங்கினோம். மகள் என் கையைப் பிடித்தாள். மற்றக் கையில் நெத்தலியின் கயிறு. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர், சொன்னால் கேட்காத சாதி, சீனவெடிக் கட்டுக்கு நெருப்பு வைத்தார்.

காது அடைத்தது. நெஞ்சு பிடித்தது. குனிந்து நெத்தலியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கயிற்றை இழுத்து உருவிக்கொண்டு ஓடினாள். எனக்காகப் பழக்கின நாய், நாலைந்து மாதத்துப் பாடு, நான் சாகிற நேரத்தில் ஓடுகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போடி நன்றி கெட்டவளே, நீ இல்லாமல் நான் போகமாட்டேனோ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நடந்தேன். பீடம் வரைக்கும் திட்டினேன். மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்தபோதுதான் தெரிந்தது, நான் கோயிலுக்குள் நிற்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். முதல் வரிசை வாங்கில் தாய்க்கென்று விட்ட இடம் வெறுமையாக இருந்தது.

பெரிய கதவுக்கு வெளியே வேப்பமரம் தெரிந்தது. அதன் அடியில் புனிதம் மண்ணில் இருந்தாள், புதுச் சேலையோடு. இரண்டு கையும் மடங்கி இறுகியிருந்தன, வாய் திறந்திருந்தது. எனக்கு அந்தக் கையும் வாயும் நன்றாகத் தெரியும். மடியில் ஏறி நெஞ்சோடு படுத்து, நெத்தலி அவளுடைய கையை நக்கிக்கொண்டிருந்தாள்.

துணைக்கு நிற்கிறாள் என்றுதானே இவ்வளவு காலமும் நினைத்தேன். அந்த மணலில் நான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினபோது, கொலின்ஸைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால ஓடினது ஆர்?

செப்ரெம்பர் 10

கிளினிக்குக்கு இரண்டு பேரும் போனோம். பஸ்ஸில் நெத்தலி புனிதத்தின் மடியில். கொண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், புனிதத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

கொலின்ஸ் போன் எடுத்தான். கடைசியாக என்ன இனம் என்று சொல்லுங்கள், சிநேகிதன் ஒருவனின் தாய்க்கும் வேணுமாம் என்றான். அம்மாவிடம் கேள், நாய் இப்போது அவளுடையது என்றேன்.

பின்னேரம் அடுத்த வீட்டில் யாரோ தகரத்தைப் போட்டு உடைத்தார்கள். எனக்கு முன்னால் நெத்தலி குசினிக்குள் பாய்ந்தாள். நான் கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேரும்போது பாதிதான் மிச்சம்.

புனிதம் அதை வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பைக்குள்ளே பார்த்தாள்.

“ஒரு கோப்பைத் தண்ணி ஒழுங்காக் கொண்டுவரத் தெரியேல்ல இந்த மனுசனுக்கு” என்றாள்.