ஏலகிரிக்காரியின் கறுப்புக் கண்ணாடி

அக்கா,

என் மேசைமேல் ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் பஸ் நிற்கும்போது ஜன்னல் பக்கம் வந்து விற்பார்களே, அந்த மலிவுச் சரக்கு. இன்னும் புதுப் பிளாஸ்டிக் வாசனை போகவில்லை. இன்று மாலை கம்பெனி பஸ்ஸில் ஒரு பெண் இதை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். ஏன் கொடுத்தாள் என்பதை உன் ஒருத்தியிடம்தான் சொல்ல முடியும். நீ இல்லை என்பது தெரியும். சொல்லாமல் இருப்பதற்கு அது ஒரு காரணமாக எனக்குப் படவில்லை.

"ஸ்டாருங்க வெயிலுக்கா கண்ணாடி போடுவாங்க? அழுத கண்ணுக்குப் போடுவாங்க" என்பாய்.

ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற ஒரு பஸ்ஸில், யாரும் பார்த்தே இராத பழைய ஹாலிவுட் நடிகர்களின் வீட்டு விஷயங்களைச் சொந்தக்காரர்களின் விஷயம்போலப் பேச உன்னால்தான் முடிந்தது. வேலூரில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வீட்டில் உன் அம்மா சமையல் வேலை பார்த்தார். டாக்டரம்மா ஊருக்குத் திரும்பியபோது விட்டுப்போன ஒரு டிரங்குப் பெட்டி நிறைய சினிமாப் பத்திரிகைகள் உங்கள் வீட்டுக்கு வந்தன. உனக்கு ஆங்கிலம் படிக்க வராது. முகங்களைப் படித்தாய். யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், எந்தச் சிரிப்பு பல்லோடு நிற்கிறது என்று பார்த்தே கதையைக் கண்டுபிடித்துவிடுவாய். பெயர்களையும் நீயே வைத்தாய். எந்தப் படத்தைப் பார்த்தாலும் சோபாவில் சாய்ந்தே கிடந்த அழகன் ஒருவன் பள்ளிகொண்டார் ஆனான். தலையில் துணியைக் கட்டித் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு படகில் உட்கார்ந்திருந்தவள் ஏலகிரிக்காரி. பின்னால் ஒரு மலை தெரிந்தது. அது போதும் உனக்கு. நட்சத்திரங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதி ஒரே வரியில் குடும்பத்தைக் கவிழ்த்துவிடக்கூடிய ஒரு பெண்மணியும் இருந்தாள். படத்துக்குப் படம் ஒரு புதுத் தொப்பி. அவளை மட்டும் உனக்குப் பிடிக்காது. தொப்பிக்காரி.

"அங்கெல்லாம் கம்பெனியே ஜோடி சேக்கும், கம்பெனியே பேப்பர்ல போட்டோ போடும், படம் ஓடி முடிஞ்சா கம்பெனியே பிரிச்சும் வுட்டுடும்" என்று ஒரு நாள் விளக்கினாய்.

"நம்ம கம்பெனி அந்த மாதிரி ஒண்ணும் பண்ணலியேக்கா" என்று யாரோ பின்னாலிருந்து ஏங்கினார்கள்.

"ஏன், நாள் முழுக்க ஜோடி ஜோடியாத்தானே எண்ணிக்கினு இருக்கோம்?"

நான் ஜன்னலோரம் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். உன் வீட்டில் அந்தப் படங்களுக்குக் கீழே இருந்த ஆங்கிலத்தைப் படித்திருந்ததால், உன் கதைகளில் பாதி தப்பு என்று எனக்குத் தெரியும். இரண்டு நடிகைகளை ஒருத்தியாக்கி வைத்திருந்தாய். டைரக்டரைப் புருஷன் என்றாய். நான் வாயே திறக்கமாட்டேன். தரம் பார்க்கும் பிரிவில் நாள் முழுதும் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை, பஸ்ஸிலுமா?

கம்பெனி பஸ்ஸைப் பற்றி வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒருத்தி ஏறுகிற நிறுத்தம் மாறினால் போதும், அவள் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று பஸ்ஸுக்குத் தெரிந்துவிடும். மாதனூரில் ஏறிக்கொண்டிருந்தவள் பள்ளிகொண்டாவில் ஏறினால் கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிகொண்டாவில் ஏறியவள் மறுபடி மாதனூரில் ஏறினால், அவ்வளவுதான். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காரும் செல்வியக்கா ஆம்பூர் வருவதற்குள் முழு விவரத்தையும் எடுத்துவிடுவாள். அவள் கெட்டவள் இல்லை. அவளால் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பயந்து, நல்ல தையல்காரிகள் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள்.

நானும் போயிருப்பேன். கல்யாணத்தை நிறுத்தச் சொன்னது நான். பத்திரிகை அடித்து, பஸ்ஸில் எல்லாருக்கும் கொடுத்த பிறகு சொன்னேன். செய்ததில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. காரணத்தை வீட்டுக்குச் சொன்னேன், வேறு யாருக்கும் சொல்ல விருப்பமில்லை. பஸ் ஒன்றுதான் பயம். அடுத்து வந்த திங்கட்கிழமை காலை, இன்னும் ஒரு நாள் போய்ச் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுவிடுவது என்ற முடிவோடு ஏறினேன்.

பஸ் அமைதியாக இருந்தது. செல்வியக்கா திரும்பி உட்கார்ந்தாள்.

"இன்னா பாப்பா, கல்யாணம் நின்னுபோச்சாமே? யாரு வேணான்னது, அவனா, நீயா?"

நான் பதில் தேடுவதற்குள் நீ எழுந்து நின்றாய். ஓடுகிற பஸ்ஸில், மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"அது கெடக்குது செல்வி. ஏலகிரிக்காரி கல்யாணத்த நிறுத்திட்டாளே, உனக்கு சேதி வர்ல?"

"அய்ய, எப்போ?"

"ஆச்சு எழுவது வருசம். உன் காதுக்கு இப்பதான் வருது."

பஸ் சிரித்தது. செல்வியக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "சரி சொல்லு, இன்னா நடந்துச்சு?"

"பள்ளிகொண்டாரோட நிச்சயம். மூணு மாடி கேக்கு. சர்ச்சு வாசல்ல போட்டோக்காரனுங்க கும்பல். தொப்பிக்காரி மொத வரிசையில பேனாவத் தொறந்து வெச்சுக்கினு ஒக்காந்திருக்கா. இவ வந்தா. அவன ஒரு பார்வ பாத்தா. எனக்கு வேணான்னுட்டா. கார்ல ஏறுனா, நேரா ஸ்டுடியோ. அன்னிக்கி ஷூட்டிங் இருந்துச்சு. மேக்கப் போட்டுக்கினு போய் நின்னுட்டா."

"ஏன் வேணான்னாளாம்?"

"தொப்பிக்காரிக்கே சொல்லல. உனக்கா சொல்லப்போறா?"

அந்த வாரம் முழுவதும் பஸ்ஸில் இரண்டு கட்சி. திமிர் பிடித்தவள் என்றார்கள். கேக் வரைக்கும் வந்துவிட்டு மனசு மாறலாமா என்றார்கள். தாலி கழுத்தில் ஏறாதவரை அவள் இஷ்டம் என்றார்கள். என்னைப் பற்றிச் சொல்வதற்கு வைத்திருந்ததையெல்லாம் அவளைப் பற்றிச் சொன்னார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, என் வழக்கு என் பெயர் இல்லாமல் நடப்பதைக் கேட்டேன். என் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தவர்கள் நிற்கவில்லை. கடைசி சீட்டிலிருந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசியிராத ஒரு பெண் சொன்னாள்: "புடிக்கலன்னா வேணான்னு சொல்ல வாய் இருந்துச்சு அவளுக்கு. எனக்கு இல்ல."

சனிக்கிழமை செல்வியக்காவே தீர்ப்பு சொன்னாள். "கேக்கு போனா போவுது. நேரா வேலைக்கிப் போனா பாரு, அதான் கரெக்ட்டு." இறங்கும்போது என் தோளைத் தொட்டாள். "திங்கக்கெழம வருவல்ல பாப்பா?"

வருவேன் என்றேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் உன்னிடம் சொன்னேன். "அக்கா, ஏலகிரிக்காரி கல்யாணம் நிக்கல. நல்லா நடந்துச்சு. கடைசிவரைக்கும் அந்த ஆளோடதான் இருந்தா. நான் படிச்சிருக்கேன்."

நீ டப்பாவிலிருந்து கத்திரிக்காயை எடுத்து என் சோற்றில் வைத்தாய். "அப்டியா? நல்லா இருக்கட்டும். இத்தன வருசமா அவ மூஞ்சிமேல தூசி வுழாம தொடச்சு தொடச்சு வெச்சுக்கினு இருக்கேன். எனக்கு ஒரு ஒத்தாச பண்ண மாட்டாளா?"

"பாவம் இல்லியாக்கா, நடக்காதத சொல்றது?"

"செத்தவங்கள இன்னா பேசுனாலும் அவுங்க நாளைக்கி பஸ் ஏற வேண்டியதில்ல, கண்ணு."

என் காரணத்தை நீ அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நான் நிறையப் படித்திருக்கிறேன். மரியாதை என்ற சொல்லுக்கு அதைவிடத் தெளிவான பொருளை எங்கும் பார்த்ததில்லை.

உன் சிறுநீரகம் கெட்டபோது வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தேன். டயாலிசிஸ் படுக்கையில் கிடந்தபடி பக்கத்துப் படுக்கைக்காரம்மாவிடம் பள்ளிகொண்டாரின் இரண்டாவது கல்யாணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கதை முடியக் காத்திருந்தாள். உன் காரியம் முடிந்து பத்திரிகைப் பெட்டியைப் பற்றிக் கேட்டபோது, அதைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டதாக உன் மகன் சங்கடத்தோடு சொன்னான். பரவாயில்லை என்றேன். உண்மையாகவே பரவாயில்லை. அந்தப் பத்திரிகைகளில் இருந்தது வேறு ஆட்களின் கதை.

இப்போது உன் தையல் மிஷினில் ஒரு சின்னப் பெண் உட்காருகிறாள். ஆவணியில் கல்யாணமாகி, பள்ளிகொண்டாவில் என்னோடுதான் ஏறிக்கொண்டிருந்தாள். இந்தத் திங்கட்கிழமை அவள் நிறுத்தத்தில் இல்லை. மாதனூரில், அம்மா வீட்டுத் தெரு முனையில் நின்றிருந்தாள். துப்பட்டாவைத் தலையில் சுற்றித் தாடைக்குக் கீழே முடிந்திருந்தாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. மேகம் மூடிய காலை. அவள் ஏறியதும் பஸ்ஸில் பேச்சு நின்றது. எனக்கு அந்த அமைதி தெரியும்.

செல்வியக்கா திரும்பினாள். "இன்னாடி, இங்க ஏர்ற?"

பத்துப் பேர் முன்னால் குரலை உயர்த்திப் பேசியவள் இல்லை நான். ஆனால் எழுந்து நின்றேன். கம்பி, நீ பிடிக்கிற இடத்திலேயே இருந்தது.

"செல்வியக்கா, ஏலகிரிக்காரி பொட்டியத் தூக்கிக்கினு அம்மா வூட்டுக்கு வந்துட்டா தெரியுமா?"

முழு பஸ்ஸும் என்னைப் பார்த்தது. செல்வியக்காவின் முகம் மெல்ல மாறியது. நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டதாகத்தான் இன்றும் நினைக்கிறேன்.

"ஏலகிரிக்காரியா? அவளப் பத்திக் கேட்டு எவ்ளோ நாளாச்சு. அவளுக்குத்தான் கல்யாணமே நின்னுபோச்சே?"

"அது மொத தடவ. அடுத்த தடவ பள்ளிகொண்டாரையே கட்டிக்கினா. இது அதுக்கு அப்பறம். மறுநாள் ஸ்டுடியோ கார் அம்மா வூட்டுத் தெருவுக்கே வந்துச்சு. டிரைவர் கேட்டானாம், இன்னாம்மா இன்னிக்கி இங்க ஏர்றீங்கன்னு. எங்க ஏறுனா உனக்கு இன்னா, ஷூட்டிங்குக்கு நேரத்துக்குக் கொண்டுபோய் வுடுன்னாளாம்."

நம் டிரைவர் காரணமே இல்லாமல் ஒரு ஹாரன் அடித்தார். செல்வியக்கா யோசித்துவிட்டு, "அவன் கேட்டது தப்புதான்" என்றாள். பின் சீட்டில் கட்சி பிரிய ஆரம்பித்தது. கண்ணாடிக்குக் கீழே அந்தப் பெண்ணின் உதடு லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். மறுநாளும் வந்தாள். வியாழக்கிழமை செல்வியக்கா உன்னையும் கதைக்குள் இழுத்துவிட்டாள். பள்ளிகொண்டார் இப்போது தனியாக இருப்பதால் நீதான் மேலே போய் அவருக்குச் சோறு பொங்கிப் போடுகிறாயாம். "சோபாவ வுட்டு எழுப்பியிருப்பா அந்த ஆள" என்றாள். அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நீயும் இனிமேல் பஸ் ஏற வேண்டியதில்லையே, அதனால் பேசுகிறோம்.

இன்று மாலை மாதனூரில் இறங்குவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இந்தாக்கா. ஏலகிரிக்காரிது. பஸ்லயே மறந்து வெச்சுட்டுப் போய்ட்டா போல."

மேற்கு வெயில் நேராக முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்கிக்கொண்டு தெருவுக்குள் நடந்தாள். செல்வியக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "காலைல லேட்டா வராதடி" என்று கத்தினாள்.

கண்ணாடியைத் துடைத்து, சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இனி தினமும் என்னோடு பஸ்ஸில் வரும். அடுத்து நிறுத்தம் மாறி ஏறுகிறவளுக்குத் தேவைப்படும்.