பூனைக்காலி விதையும் உங்கள் கையும்

அக்கா,

போன ஞாயிறு அவிநாசிபாளையத்தில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுப் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிர்ப்பக்கக் கம்பிவேலியில் பூனைக்காலிக் கொடி படர்ந்திருப்பதைப் பார்த்தேன். காய்களின் மேல் பழுப்புச் சுணை வெயிலில் மின்னியது. தொடாமலே முழங்கை அரித்தது. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

நாம் இருவரும் வேலம்பாளையத்துக் கம்பெனியில் செக்கிங் டேபிளில் எதிரெதிரே நின்று, பனியன்களில் ஓட்டை தேடி, பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. உங்கள் காதில் யாரோ பேசும் குரல் கேட்கும் என்பதும், அதற்குத் தினமும் மாத்திரை போடுகிறீர்கள் என்பதும் அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரையில் குரல் அடங்கிவிட்டது. ஆனால் மெல்ல மெல்லக் கை நடுங்க ஆரம்பித்தது. நடை இறுகி அடி சுருங்கியது. நூல் வெட்டும் டிரிம்மர் துணியையும் சேர்த்து வெட்டியது. சூப்பர்வைசர் உங்களைப் பேக்கிங்குக்கு மாற்றினார்.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். நீங்கள் கையை முகத்துக்கு நேரே நீட்டி, புதிதாக வந்திறங்கிய மெஷினைப் பார்ப்பதுபோல அது ஆடுவதைப் பார்த்தீர்கள்.

“தலைக்குத் திங்கிற மாத்திரைக்குக் கையில என்ன சோலி, ஏட்டி?”

“மாத்திரை குடுக்கற டாக்டரம்மாகிட்டயே கேளுங்கக்கா.”

“ஆஸ்பத்திரியில அந்தக் கூட்டத்துல வாயத் தெறக்கவா முடியுது?”

நடுக்கத்துக்குப் பூனைக்காலி விதை நல்லது என்று திருநெல்வேலியில் உங்கள் தெருவில் சொல்வார்களாம். வேலியில் பறிக்கப் போனோம். சுணை பட்டு இருவருக்கும் கை தடித்து, அன்று முழுக்கச் சொறிந்ததுதான் மிச்சம். பிறகு நாட்டு மருந்துக் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் விதைப் பொடியை நிறுக்கும் முன் கேட்டார்: “வேற மாத்திரை ஏதாச்சும் சாப்புடறீங்களாங்க?”

“சத்து மாத்திரைதான்,” என்றீர்கள், என்னைப் பார்க்காமல். எதையும் உரக்கக் கேட்கிற உங்கள் குரல் அந்த ஒரு பதிலில் சின்னதாகிவிட்டது.

பொடியைப் பாலில் கலந்து குடித்தீர்கள். சில நாட்களில் நடுக்கம் நன்றாகவே குறைந்தது. டீ டம்ளரைத் தளும்பாமல் தூக்கிக் காட்டி, “பாத்தியா பிள்ள,” என்றீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் அயர்ன் டேபிள் பக்கத்தில் அசையாமல் நின்றுவிட்டீர்கள்.

“ஆவி வார சத்தத்துல எம் பேரு கேக்கு. உனக்குக் கேக்கா?”

“இல்லீங்கக்கா.”

“அப்பம் அது திரும்ப வந்துட்டு.”

அன்றே லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா திட்டவில்லை. பொட்டலத்தை வாங்கிப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

“இதுல நெசமாவே மருந்து இருக்குதுங்க. மூளையில ஒரு ரசாயனம் சுரக்குது. அதோட வேலை மிஞ்சினா இல்லாத குரல் கேக்கும், ரொம்பக் குறைஞ்சா கை நடுங்கும். நான் குடுக்கற மாத்திரை அதை அடக்குது, இந்த விதை கூட்டுது.”

“அப்பம் விதை பொய்யில்ல,” என்றீர்கள். அந்தப் பயத்திலும் உங்கள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது அல்லவா.

“பொய்யில்லீங்க. உங்களுக்கு ஆகாது, அவ்வளவுதான். கை நடுங்குதுன்னு சொல்லியிருந்தா மாத்திரையவே மாத்தியிருப்பேனே.”

பொடியை நிறுத்தினீர்கள். மாத்திரை மாறியது. குரல் மறுபடி அடங்கியது. நடுக்கம் பாதிக்கு மேல் குறைந்தது, மீதி கடைசிவரை உங்களோடு இருந்தது. டிரிம்மர் திரும்பக் கிடைக்கவில்லை. பீஸ்களுக்கு டேப் வைத்து அளவு பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னை இழுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனீர்கள். கடையில் நல்ல கூட்டம்.

“அன்னைக்கு நான் பொய் சொன்னேன் பாய். எனக்குக் காதுல குரல் கேக்கிற சீக்கு. அதுக்கு மாத்திரை திங்கேன். நடுக்கம்னு யாரு வந்தாலும் இதையும் சேத்துக் கேளுங்க. சும்மா கேட்டாச் சொல்ல மாட்டாவ.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கல்லாவைவிட்டு எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டார். “உக்காருங்கம்மா. டீ சொல்றேன்.” கை ஆட ஆட, மறைக்காமல் அந்த டீயைக் குடித்தீர்கள்.

போன ஆடியில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது.

இப்போது நம் டேபிளில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி நிற்கிறாள். ஒரு நிமிஷம் அவளால் நின்ற இடத்தில் நிற்க முடியாது. காலை மாற்றி மாற்றி வைப்பாள், நடப்பாள், திரும்பி வருவாள். வேலையில் அக்கறை இல்லை என்று சூப்பர்வைசர் நேற்று சத்தம் போட்டார். டீ பிரேக்கில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், மனசுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

“கால் நிற்காததும் இந்த மாத்திரையால் இருக்கலாம்; நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வருவோம்” என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலையில் இரண்டு பேருக்கும் லீவு.