வளைவில் நடந்தது

அன்பு நண்பனுக்கு,

திராட்சை அறுவடை முடிந்துவிட்டது. நம் குழு ஞாயிறுதோறும் சைக்கிளில் வோஜ் மலைக்காடு ஏறுகிறது. நான் முழங்கால் வலி என்று சொல்லிப் போவதில்லை.

நேற்று உன் மனைவி சொலான்ஜ் பிளம் பழக் கேக்கோடு என் வீட்டுக்கு வந்திருந்தார். கழுத்துக்குக் கீழே உனக்கு இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை என்றார்.

“வளைவுல சரளைக்கல்லுல சைக்கிள் சறுக்கிடுச்சுன்னு நீங்க சொன்னதை அவர்கிட்ட சொன்னேன். அவருக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. நீங்க பின்னாடியே வந்ததாலதான் பிழைச்சேன்னு தினம் சொல்றாரு.”

“கேக் நல்லா இருக்கு” என்றேன்.

அங்கே சரளையே கிடையாது. இறக்கத்தில் உன்னை முந்தப் பார்த்தேன். என் முன்சக்கரம் உன் பின்சக்கரத்தில் உரசியது. இதை நேரில் சொல்ல மூன்று முறை மருத்துவமனை வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இவ்வளவும் எழுதிய பிறகுதான் உறைக்கிறது. உன்னால் தாளைப் பிடிக்க முடியாது. உனக்கு வரும் கடிதங்களை சொலான்ஜ்தான் வாசித்துக் காட்டுகிறார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சொலான்ஜ், சத்தமாக வாசிப்பதைப் பாதியில் நிறுத்தியிருந்தால், தயவுசெய்து முதலிலிருந்து அவனுக்குக் கேட்கும்படி வாசியுங்கள்.

உன் பின்னால் வந்தவன்